சாவி எடுத்த பிறகும் ஓடிய கார்

"அட கெரகமே, இதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடியாறே? உக்காரு கண்ணு, சித்தெ தண்ணி குடி. காருக்குள்ள ஆளில்ல, சாவியில்ல, ஆனா ஓடுது. அதானே?"

"அது மட்டுமில்ல ஆச்சி. ஓடிக்கிட்டே இருந்து தானா நின்னுச்சு. நின்னதும் டிரைவர் சீட்டு பின்னால போச்சு. என் கண்ணால பாத்தேன்."

சீட்டையும் பார்த்துவிட்டாயா. அப்படியானால் செல்வி, நீ கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து அடுத்த வீட்டில் குடியேறி ஒரு மாசம்கூட ஆகவில்லை என்றாலும், உனக்கு ஊசி மாஸ்டரைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். நல்லவேளை, இன்றைக்கு மாசத்துக்கு ஒருமுறை கரண்ட் நிறுத்துகிற நாள். நம் ஊர் மண்ணரை முழுக்க பனியன் துணி பின்னுகிற நிட்டிங் ஷெட்டுகள் வாயை மூடிக்கொண்டிருக்கின்றன. இந்தத் தெருவில் கத்தாமல் பேசக்கூடிய நாள் இது ஒன்றுதான்.

பேய்க்குப் பயப்படாத ஆளை நான் நாலைந்து பேர் பார்த்திருக்கிறேன். பேயே வந்தாலும் அதன் தோளில் கையை வைத்து, "எந்த இடத்துல வலிக்குதுங்க?" என்று கேட்கக்கூடிய ஆள் ஊசி மாஸ்டர் ஒருத்தர்தான். அவர் பேர் என்னவென்று கேட்காதே. ரேஷன் கார்டில் ஏதோ இருந்திருக்கும். எனக்கு எழுத்தும் தெரியாது, அவரும் சொன்னதில்லை.

நிட்டிங் மெஷினுக்கு ஊசி மாற்றுவதுதான் அவர் வேலை. அந்த மெஷினை நீ பார்த்திருப்பாய், ஆள் உயரத்துக்கு வட்டமாக நின்று சுற்றும். உள்ளே ஆயிரக்கணக்கில் ஊசி. அதில் ஒன்று ஒடிந்தால் போதும், துணியில் மேலிருந்து கீழே கோடு விழுந்துகொண்டே போகும், அந்த ரோலே வீண். இருபது மெஷின் சேர்ந்து அலறுகிற ஷெட்டுக்குள் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். ஏதோ ஒரு மெஷின்மேல் உள்ளங்கையை வைப்பார். "இதுங்க" என்பார். நிறுத்தித் திறந்து பார்த்தால் ஊசி ஒடிந்திருக்காது. ஆனால் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருக்கும். ஒடியப் போகிற ஊசியைச் சொல்கிற மனிதரைப் பார்த்தால் யாருக்குத்தான் முதுகு சில்லிடாது? நான் அதே ஷெட்டில் துணி செக்கிங்கில் இருந்தவள். பதினேழு வருஷம் சில்லிட்டேன்.

ஒருநாள் நம் தெரு மளிகைக் கடையில், ஃப்ரிட்ஜ்மேல் சும்மா கையை வைத்துக்கொண்டு நின்றவர், "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓடுமுங்க" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஐஸ்கிரீம் இனாமாகக் கிடைத்தது. அதிலிருந்து அவர் தலையைக் கண்டாலே கடைக்காரர், "கையை மட்டும் பின்னால கட்டிக்குங்க சாமி, என்ன வேணுமோ நானே எடுத்துத் தாரேன்" என்பார். கல்யாண வீடுகளில் ஒருத்தரும் அவருக்குக் கை கொடுக்க மாட்டார்கள். பிடித்துப் பார்த்துவிட்டு நம்மைப் பற்றியும் ஒரு கிழமையைச் சொல்லிவிட்டால்?

அப்படிப்பட்டவர் ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார். "அக்கா, கோயமுத்தூர் வரைக்கும் வாங்கக்கா. ஒரு கார் எடுக்கோணும்" என்றார். பெண்சாதி பிள்ளை இல்லாத மனிதர். பூவும் எலுமிச்சம்பழமும் கொண்டுவர ஒரு பொம்பளை வேண்டுமாம்.

பழைய கார் விற்கிற இடத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே நூறு கார் நின்றது. குடும்பஸ்தர்கள் வாங்குகிற வெள்ளைக் கார்களை எல்லாம் தாண்டிப் போனார். கடைசி மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அகலமான டயர், இருண்ட கண்ணாடி. புரோக்கர் ஓடிவந்தார். "டர்போ வண்டிங்க. ரேஸ்ல ஓட்டறதுக்குன்னே மாத்திக் கட்டுனது. ஒரே ஓனருங்க, உசுரா வெச்சிருந்தாரு."

"இப்ப எங்க அவரு?" என்று நான் கேட்டேன்.

புரோக்கர் கொட்டகைத் தகரத்தைப் பார்த்தார். அதற்கு மேலே இருக்கிறார் என்று அர்த்தம்.

மாஸ்டர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கவில்லை, எஞ்சின் மூடியைத் திறந்தும் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பச் சொல்லி, முன்பக்கம் ரெண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தார். ஒரு உலை கொதிக்கிற நேரம் அப்படியே நின்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கண்ணைத் திறந்து புரோக்கரைப் பார்த்து, "இதுங்க" என்றார்.

"ஓட்டிப் பாக்கலீங்களா?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே."

புரோக்கர் என்னைப் பார்த்தார். நான் தகரத்தைப் பார்த்தேன்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். மூன்று நசுங்கியது. நாலாவது நசுங்காமல் உருண்டுவந்து என் காலடியில் நின்றது. அதை நான் மாஸ்டரிடம் சொல்லவில்லை. எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

புரோக்கரின் டிரைவர் வண்டியை இங்கே கொண்டுவந்து, மாஸ்டர் வீட்டுத் தகர ஷெட்டில் விட்டார். சாவியை எடுத்தார், இறங்கினார், கதவைச் சாத்தினார், சாவியை மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். வண்டி நிற்கவில்லை. உள்ளே ஆளில்லை, சாவி மாஸ்டர் கையில், அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. தெரு கூடிவிட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம் ஓடியது. பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அப்புறம் டிரைவர் சீட் மெதுவாக, யாரோ முழங்காலை நீட்டுகிற மாதிரி, பின்னால் போனது.

"எறங்கீட்டான்" என்றாள் பால்காரம்மா. அவ்வளவுதான். அடுத்த நிமிஷத்தில் தெருவில் நானும் மாஸ்டரும் மட்டுந்தான் இருந்தோம். அவர் இன்னும் வண்டிமேல் கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் அதே கூத்து. காலையில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவி போடுவார். கொஞ்ச நேரம் உறும விடுவார். சாவியை எடுத்துவிட்டு இறங்குவார். அது தனியாக ஓடும். பக்கத்துக் குடோனில் பனியனுக்கு நூல் பிசிறு வெட்டுகிற பெண்கள் அந்த வழியாக வருவதை விட்டார்கள். வடக்கத்திப் பையன்கள் ஷெட்டை எட்டிப் பார்த்து, "அந்தர் கௌன் ஹை?" என்று என்னிடம் கேட்டார்கள். உள்ளே யார் என்று அர்த்தமாம். நான் மேலே கையைக் காட்டினேன். அவர்களும் வழியை மாற்றிக்கொண்டார்கள்.

தெருக்காரர்கள் சேர்ந்து முருகன் கோயில் பண்டாரத்தைக் கூட்டிவந்தார்கள். வண்டி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேப்பிலையை ஆட்டி, "நில்லு" என்று அதட்டினார். சரியாக அந்த நொடியில் பெருமூச்சு விட்டு நின்றது. பண்டாரத்துக்கே ஆச்சரியம். நெஞ்சை நிமிர்த்தி எங்களைத் திரும்பிப் பார்த்து, "இனி இது அசையாதுங்க" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மூடிக்குள்ளே ஒரு விசிறி விர்ரென்று சுற்றத் தொடங்கியது. பண்டாரத்தின் ஒரு செருப்பு ரொம்ப நாள் என் வீட்டில்தான் இருந்தது.

மாஸ்டர் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டது நிட்டிங் மெஷினைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதான். ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை ஏர் அடித்துப் பஞ்சு ஊதுவார். இந்த ஊரில் காற்றிலேயே பஞ்சு, முன்பக்கச் சல்லடையில் நரைத்த தாடி மாதிரி தொங்கும். அதுவரை சரி. அப்புறம் ஒருநாள் எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு, நிட்டிங் மெஷினுக்கு விடுகிற வெள்ளை எண்ணெயை ஊற்றினார்.

"எதுக்குங்க மாஸ்டர் இது?"

"கறை படியாதுங்கக்கா. துணியில பட்டாலும் தொவைச்சா போயிரும். கம்பெனியில இருக்கறதுலயே நல்ல எண்ணெய்ங்க."

மூணாம் நாள் அவர் கையை வைத்துக் கண்மூடி நிற்கும்போது நான் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு போனேன். உறுமலுக்குள்ளே ஒரு சத்தம். டிக், டிக், டிக். நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி.

"மாஸ்டர், உள்ள என்னமோ தட்டுதுங்க."

அவர் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். குடத்தைத் தரையில் போட்டேன், நல்ல பித்தளைக் குடம். அதற்கும் திரும்பவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினேழு வருஷமாக இந்த மனிதர் முகத்தைப் பார்த்தால்தான் பதில் பேசுவார். மரியாதை என்று நினைத்திருந்தேன்.

முன்னால் போய் நின்று, என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"கம்பெனியில சொல்லீராதீங்கக்கா" என்றார். "ஷெட்டுச் சத்தம் தின்னுருச்சுங்க. கேட்டு வருசமாச்சு. கையிலதான் எல்லாமே. உங்களுக்கு மாசத்துல ஒரு நாளு கரண்ட் இல்லாத நாளு. எனக்கு எல்லா நாளும் கரண்ட் இல்லாத நாளுதானுங்க."

"அப்ப இந்த வண்டி?"

"இது ஒண்ணுதானுங்க நெஞ்சு வரைக்கும் வந்து பேசுது. கையிலயும் காலுலயும் ஏறி, உள்ளுக்குள்ள சத்தமாவே ஆயிருதுங்க."

அந்த டிக் டிக் மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை. அது ரொம்பச் சின்னச் சத்தம். வண்டி செத்தால் அவருக்கு அப்புறம் எதுவும் பேசாது. அன்றைக்கே அதை லாரியில் ஏற்றிக் கோயமுத்தூர் கொண்டுபோனோம். மெக்கானிக் எண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். "என்னங்ணா இது, தண்ணியாட்டம் ஊத்தி வெச்சிருக்கீங்க? இது காருங்ணா. பனியன் இல்லீங்." காற்று போகிற வழியைத் திறந்து ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சை எடுத்தார். இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தால் எஞ்சினைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார்.

பேயையும் அவர்தான் காட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளுகிற டர்போ நெருப்பாகச் சுட்டுக் கிடக்குமாம், சட்டென்று நிறுத்தினால் கெட்டுப்போகுமாம். சாவியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடி ஆறட்டும் என்று பழைய ஓனர் மாட்டி வைத்தது. நின்ற பிறகு விசிறி சுற்றுவதும் சூடு ஆறத்தானாம். எஞ்சின் நின்றதும் சீட் பின்னால் போவது ஆள் இறங்குவதற்கு வசதியாகத்தான், அதற்கு ஒரு மோட்டார் இருக்கிறதாம்.

திரும்பும்போது கூலிக்கு வந்த டிரைவர் ஓட்டினார். அவிநாசி ரோட்டில் அவர் ஒரு மிதி மிதித்ததில் என் கொண்டை அவிழ்ந்துவிட்டது. மாஸ்டர் செருப்பைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் பதித்து, முன்பலகையில் ரெண்டு கையையும் வைத்து, குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு அந்தப் பெட்டியைப் பற்றி விளக்கினேன். பால்காரம்மா பொறுமையாகக் கேட்டாள். "செரீங்கக்கா, அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறது யாரு?" என்றாள்.

அப்புறம் எனக்கு ஒரு வேலை வந்தது. தினமும் அவர் வண்டியைக் கிளப்பும்போது நான் பக்கத்துச் சீட்டில் உட்கார வேண்டும். சத்தம் நன்றாக இருந்தால் அவர் மணிக்கட்டில் ஒரு தட்டு. டிக் டிக் வந்தால் வந்த மாதிரியே தட்ட வேண்டும். கம்பெனிக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கும் இந்த வயதில் மீட்டர் முள்ளெல்லாம் ஏறி இறங்குகிற காரில் தினமும் உட்கார ஒரு சாக்கு. பேத்திகள் கேட்டால் வேலை என்பேன்.

போன வருஷம், இதே மாதிரி கரண்ட் இல்லாத ஒருநாள். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஊரே ஊமையாக இருந்தது. வண்டி அன்றைக்கு அவ்வளவு சுத்தமாகப் பேசியது. நான் ஒரு தட்டுத் தட்டினேன். மாஸ்டர் சிரித்தார். சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். வண்டி தன் டீ நேரம் ஓடியது. பெருமூச்சு விட்டு நின்றது. சீட் பின்னால் போனது. அவர் இறங்கவில்லை.

நான் இன்னொரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். கை சூடாகத்தான் இருந்தது.

கொமரலிங்கத்திலிருந்து அவர் தங்கச்சி மகள் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். காரை மட்டும், "வேண்டாமுங்க அம்மாயி, நீங்களே வெச்சுக்குங்க" என்று ஷெட் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, பார். தினமும் நான்தான் கிளப்புகிறேன். இன்றைக்கும் நான்தான் கிளப்பிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, அடுப்பைப் பார்க்க இங்கே வந்தேன். நீ பார்த்தது அதைத்தான். பெட்டி வேலை, பயப்படாதே.

சீட்டா?

அந்த மெக்கானிக் வந்து பார்த்தார் கண்ணு. மாஸ்டர் போன அன்றைக்கே சீட்டுக்கான மோட்டார் எரிந்துபோய்விட்டதாம். மற்ற நாளில் நான் கிளப்பினால் அது நகர்வதே இல்லை. மாசத்தில் கரண்ட் இல்லாத இந்த ஒருநாள் மட்டுந்தான் நகர்கிறது.

நீ தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை அங்கேயே வைத்துவிடு. நான் போய் அந்தச் சல்லடையில் இருக்கிற பஞ்சைத் துடைத்துவிட்டு வருகிறேன். இறங்கி வரும்போது மாஸ்டர் சட்டையிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.