மீட்டர் பொய் சொல்லாது

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. கல்குவாரி முதலாளி ஜீப்காரருக்குத் தரவேண்டிய வாடகை பாக்கி அது. அதைக் கேட்டு வாங்கப் போனவர் நாலு டயரோடு வீடு திரும்பினார்.

“காசு எங்கேங்க?” என்றாள் மனைவி.

“அடுத்த மாசம் தர்றேன்னாரு. அதுவரைக்கும் வட்டியா வச்சுக்கன்னு இதைக் கொடுத்தாரு. எப்படி இருக்கு பாரு, யானைக்கால் மாதிரி.”

“யானைக்கால்னா அது வியாதிங்க.”

அவர் காதில் வாங்கவில்லை. துணியை எடுத்து டயரைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

ஜீப்காரரை யாரும் ஜீப்காரர் என்று கூப்பிடுவதில்லை. ‘மீட்டர்’ என்றுதான் பெயர். மலைமேல் இருக்கும் குவாரிக்குக் காலையில் ஆட்களை ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கி விடும் வேலை. மற்ற வண்டிகளுக்கெல்லாம் நடைக்கு இவ்வளவு என்று பேச்சு. இவருக்கு மட்டும் மீட்டரில் ஓடிய கிலோமீட்டருக்குக் கூலி. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ஆபீசில் யாரும் அவர் நோட்டைச் சரிபார்த்தது கிடையாது. ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் என்று அவர் எழுதினால் நாற்பதுதான். அந்த நம்பிக்கை அவருக்குக் கூலியை விடப் பெரிது.

ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லில் வேறு கணக்கு இருக்கிறதே என்று யாராவது வாயைத் திறந்தால் போதும்.

“கல்லு ஒரே இடத்துல நிக்குது. அதுக்குத் தூரத்தைப் பத்தி என்னய்யா தெரியும்? மீட்டர் கூடவே வருது. மீட்டர் பொய் சொல்லாது.”

மெக்கானிக் டயரை ஒரு சுற்றும் ஜீப்பை ஒரு சுற்றும் சுற்றி வந்தார்.

“அண்ணே, இது நீங்க போட்டிருக்கிறதை விடப் பெருசு. உரசும்.”

“நீ மாட்டு தம்பி. நெருங்கின சொந்தம்னா கொஞ்சம் உரசத்தான் செய்யும்.”

மாட்டியாயிற்று. ஜீப் இரண்டு விரல் உயர்ந்தது. ஜீப்காரர் நாலு விரல் உயர்ந்தார். ஒரு வேலையும் இல்லாமல் கடைத்தெருவை மூன்று முறை சுற்றி வந்தார். நேரே போனவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முதல் திருப்பத்தில் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே என்றுதான் அவரும் இருந்தார். ஆனால் ரப்பர் கருகிய வாடை வந்தது.

மெக்கானிக் மட்கார்டின் விளிம்பை வெட்டி எடுத்தார். உரசல் நின்றது. மறுநாள் மழை. சந்தைக்குப் போக மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு குட்டையில் டயர் இறங்கியதும் மொத்தச் சேறும் எழும்பி உள்ளே வந்தது.

“என்னங்க, நான் வண்டிக்குள்ளதானே இருக்கேன்?”

“ஏன் கேக்கிற?”

“சந்தேகமா இருக்கு. அதான்.”

மட்கார்டுக்குக் கீழே ரப்பர் தொங்கவிடலாம் என்று மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். பிறகு தலை மட்டும் வெளியே வந்தது.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பாரம் ஏத்தி ஏத்தி ஸ்பிரிங் உட்கார்ந்து போச்சு. முதல்லயே இதைத் தூக்கி விட்டிருந்தா தகரத்தை வெட்டியிருக்கவே வேண்டாம்.”

“இப்போ தூக்கு.”

தூக்கினார். ஜீப் இன்னும் மூன்று விரல் மேலே போனது. அதற்கப்புறம் மனைவியால் ஏற முடியவில்லை. ஏறுவதற்கு ஒரு முக்காலி வாங்கினார்கள். அவள் ஏறிய பின் முக்காலியை எடுத்து வைக்க அவர் இறங்க வேண்டும். சந்தையில் இறங்குவதற்கு முக்காலியைத் தேடினால், அது வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு அவள் வண்டியிலிருந்தபடியே பேரம் பேசினாள்.

“மகாராணி மாதிரி இருந்துச்சு” என்றார் அவர்.

“மாட்டிக்கிட்ட மகாராணி.”

ஷெட்டுக்குள் விடப் போனபோது கூரையின் முன் கம்பி ஜீப்பின் நெற்றியில் இடித்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் நாலு டயரிலும் காற்றை இறக்கி உள்ளே தள்ளுவது, காலையில் பம்ப் வைத்து அடித்து வெளியே எடுப்பது. பத்து நாளில் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆனால் தலை இறங்கவில்லை.

“தினமும் முட்டி போட்டுத்தான் உள்ள போகுது உங்க யானை” என்றாள் மனைவி.

“உயரமானவங்க குனிஞ்சுதான் ஆகணும்.”

மாசக் கடைசியில் நோட்டும் பென்சிலுமாக மீட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதல் தேதியில் குறித்ததைக் கழித்தார். மறுபடி கழித்தார். இருபத்தாறு நாளைக்கு ஆயிரத்து நாற்பது கிலோமீட்டர் வரவேண்டும். தொள்ளாயிரத்து முப்பத்தாறுதான் வந்தது.

“நூத்திநாலு கிலோமீட்டரைக் காணோம்” என்றார்.

“வழியில எங்கேயாவது விழுந்திருக்கும். போய்த் தேடுங்க.”

மெக்கானிக்கிடம் ஓடினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“அண்ணே, வீட்டுல ஒரு டம்ளரையும் ஒரு குடத்தையும் உருட்டிப் பாருங்க. கேட் வரைக்கும் போக டம்ளர் முப்பது சுத்து சுத்தும். குடம் பத்து சுத்துல போய் நிக்கும். உங்க மீட்டர் சுத்தைத்தான் எண்ணும். ரோட்டை எண்ணாது.”

ஜீப்காரருக்கு முகம் சிவந்தது.

“வட்டின்னு கொடுத்துட்டு அசல்ல கை வச்சிருக்காருய்யா முதலாளி.”

பாக்கிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார். மனைவியையும் சாட்சிக்கு ஏற்றிக்கொண்டார். முக்காலியை மறக்கவில்லை.

குவாரி ஆபீசில் கிளார்க் மட்டும் இருந்தார். எதற்கும் பதறாத ஆள்.

“தம்பி, ஒன்பது வருஷத்துல ஒரு கிலோமீட்டர் கூட்டி எழுதினவன் இல்ல நான். இப்போ குறைச்சு எழுதவும் மாட்டேன். பழைய பாக்கி வேணும். இந்த நூத்திநாலுக்கும் காசு வேணும்” என்றார் ஜீப்காரர்.

“நியாயம்தான் அண்ணே. சேர்த்தே எழுதிடலாம். டயர் எவ்வளவு பெருசுன்னு மட்டும் குறிக்கணும். வண்டிக்கு கம்பெனி சொன்ன சைஸ் என்ன?”

“நான் வாங்கும்போது போட்டிருந்ததுதான். அதே சைஸைத்தான் மாத்தி மாத்திப் போட்டேன்.”

“புதுசாவா வாங்கினீங்க?”

“மூணாவது கை.”

“அப்போ தகட்டைப் பார்த்துடுவோம்.”

டிரைவர் கதவோரம், கம்பெனி சொன்ன டயர் சைஸ் பொறித்த ஒரு தகடு உண்டு. ஜீப்காரர் தன் கையாலேயே இரண்டு முறை அதன்மேல் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். மனைவி கொண்டையிலிருந்து ஊசியை உருவிச் சுரண்டினாள். எண் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கிளார்க் குனிந்து டயரிலிருந்த எண்ணைக் காட்டினார். அவள் அதையும் படித்தாள். திரும்பத் தகட்டைப் படித்தாள்.

“ரெண்டும் ஒண்ணா இருக்கே? அப்போ இதுதான் சரியான டயரா?”

ஒன்பது வருஷமாக உருண்டது டம்ளர் என்று ஜீப்காரருக்குப் புரிந்தது. ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர் கூட்டி எழுதியிருக்கிறார். வருஷத்துக்கு எத்தனை நாள்? பென்சிலை எடுத்தவர் பயந்துபோய்ப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

“பேனா கொடு தம்பி.”

பாக்கிச் சீட்டை முக்காலிமேல் வைத்து, எழுத்துக் கூட்டிப் பெரிதாக எழுதினார்: ‘எனக்கு வரவேண்டியது ஒன்றும் இல்லை.’ கையெழுத்துப் போட்டார். மனைவி தடுக்கவில்லை. அவர் தோளில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள்.

“நான் தரவேண்டிய மிச்சத்தை மாசா மாசம் கழிச்சுக்க. ஆனா ஒண்ணு” என்றார் ஜீப்காரர், தலையைத் தாழ்த்தாமல். “முதலாளிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். என் மீட்டரை நம்பின மனுஷன்.”

கிளார்க் சீட்டை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

“பாக்கி இதோட தீர்ந்துச்சு. மிச்சத்தை அவர் எப்பவோ தள்ளுபடி பண்ணிட்டாரு. ‘மீட்டர் மனசு நோகாம மீட்டரைச் சரி பண்ணணும், இந்த சைஸ்ல நாலு டயர் தேடிக் கொண்டா’ன்னு ஆறு மாசமா என்னைத் தெருத்தெருவா அலைய விட்டதே அவர்தானே அண்ணே.”