பிரித்துவிட முடியாத சைக்கிள்

மதிப்பிற்குரிய அணித் தலைவர் அவர்களுக்கு, அதாவது என் மனைவியின் தம்பியாகிய மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம்; என் இடது குதிகால் மட்டும் நலமில்லை. அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் மாமியாரின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று தாங்கள் அக்காவிடம் போனில் பேசியதை, அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால், நானும் கேட்க நேர்ந்தது. நால்வர் தொடர் ஓட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டு உங்கள் தெருப் பல் டாக்டரைச் சேர்க்கப் போகிறீர்களாமே. ஓடுவது நீங்கள், உங்கள் மனைவி, உங்கள் அலுவலக நண்பர், நான் என்றுதானே பேச்சு? "அத்தானுக்குக் குதிகால் போச்சுக்கா, பாவம்" என்றீர்கள். அந்தப் 'பாவம்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இக்கடிதம். போனில் என்றால் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை நீங்கள் பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியாது, ஆகையால் நான் பாட்டுக்கு முழுவதும் எழுதலாம். என் பெயரை அடிக்கக் கூடாது. நான் ஓடுவேன். அதற்கு என்னென்ன செய்திருக்கிறேன் என்று பாருங்கள்.

குதிகாலைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பெண், "தினமும் ஓடாதீங்க சார். இடையில ஒரு நாள் சைக்கிள் மிதிங்க, மூச்சும் தொடையும் பலப்படும், குதிகாலுக்கும் ஓய்வு. இதுக்குப் பேருதான் கிராஸ் டிரெயினிங்" என்றாள். "அம்மா, நான் தையல்காரன். வயசுப் பையனா இருந்த நாளிலிருந்து மெஷினை மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். "அது நகராதே சார்" என்றாள். தாங்களும் அன்று, "எப்பவாவது ஒரு நாள் மிதிக்கத்தானே அத்தான், ஆரம்ப ரக ரோடு சைக்கிள் போதும், பெருசா எதுலயும் மாட்டிக்காதீங்க" என்று சொன்னீர்கள். அதை மனதில் வைத்துத்தான் கடைக்குப் போனேன்.

கடையை நடத்துவது ஒரு அம்மா. கை முழுக்கக் கிரீஸ். வளைந்த ஹேண்டில்பாரும் குச்சிச் சக்கரமுமாக ஒரு சைக்கிளைக் காட்டினார். ஸ்டாண்டு எங்கே என்றேன், வராது என்றார். கேரியர்? வராது. மட்கார்டு? வராது. மணியாவது? வராது. சரி, ஏறி மிதித்துப் பார்க்கலாம் என்று காலைத் தூக்கினால் மிதிக்கப் பெடலே இல்லை! "அது தனியா வாங்கிக்கணும் சார், அவங்கவங்க விருப்பம்" என்கிறார். கோட்டு தைக்கக் கொடுத்தவரிடம், கை மட்டும் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால் என்னை விட்டுவைப்பாரா? ஆனாலும் அந்த அம்மா நல்லவர். ஒற்றை விரலால் தூக்கக்கூடிய கார்பன் சைக்கிளை நான் ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தபோது, "அது உங்களுக்கு வேணாம் சார். அலுமினியமே போதும். டயர் கொஞ்சம் அகலமா, ஏத்தத்துக்கு லேசான கியர் இருக்கான்னு பாருங்க. மத்தது எப்படி இருந்தாலும் அளவு சரியா இருக்கணும்" என்றார். அளவு என்றாரே, அங்கேதான் சனி பிடித்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை எலும்பில் முட்டும் வரை தூக்கிப் பிடிக்க வேண்டுமாம், அவர் அளப்பாராம். ஊரில் பாதிப் பேரின் காலை அளந்தவன் நான். எனக்கே உள்கால் அளவா? "என் பேண்ட்டை நானே தச்சிருக்கேன், அதுல இருக்கு அளவு" என்று டேப்பை எடுத்து என் பேண்ட்டின் உள்தையலை அளந்து சொன்னேன். "பேண்ட் வேற, கால் வேற சார்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று இன்று எழுதுகிறேன், அன்று தோன்றவில்லை. பேண்ட் எலும்பிலிருந்து தொங்குவதில்லை, பாதம் வரை போவதுமில்லை. மேலேயும் கீழேயும் விட்டுப்போனதெல்லாம் சேர்ந்து, என்னை விடக் குட்டையான ஒருவனுக்கு நான் சைக்கிள் வாங்கி வந்துவிட்டேன்.

உங்கள் அக்கா பார்த்த மாத்திரத்தில், "எந்தப் பிள்ளைகிட்ட பிடுங்கிட்டு வந்தீங்க?" என்றாள். மிதித்தால் முழங்கால் முழங்கையில் இடிக்கிறது. நான் அசரவில்லை. எங்கள் தொழிலில் எது சிறுத்தாலும் ஒரே பதில்தான்: உள்ளே துணி விட்டிருக்கும், பிரித்து விட்டுக்கொள்ளலாம். சீட்டுக் கம்பியைத் தளர்த்தி இழுத்தேன், வந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. கம்பியில் ஒரு கோடு தென்பட்டது. தையல்காரன் சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் விட்டுத்தான் வெட்டுவான். அந்தக் கணக்கில் கோட்டைத் தாண்டி ஒரு விரலென்ன, மூன்று விரல் தாராளமாக விட்டேன். மச்சான், அது தாண்டக் கூடாத கோடாம். இதை எனக்கு யார் சொன்னார்கள்?

கடைத்தெரு சிக்னலில் பச்சை விழுந்ததும் எழும்பி ஒரு மிதி மிதித்தேன் பாருங்கள், சைக்கிள் முன்னே போய்விட்டது, நான் சீட்டும் கம்பியுமாக நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கி வந்து, என் சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்து, "உக்காந்தது போதும் சார், சீட்டைக் குடுங்க, மாட்டிப் பாக்கலாம்" என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். மானம் கப்பலேறியது. அடி ஒன்றும் இல்லை, நான் தைத்த பேண்ட்தான் நான் தைத்த தையலிலேயே கிழிந்தது. "வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, தொழில் போயிடும்" என்றாள் உங்கள் அக்கா.

இந்த இடத்தில் வேறு ஒருவனாக இருந்தால் சைக்கிளைப் பரணில் போட்டிருப்பான். நான் மறுநாளே கடைக்குப் போனேன். செருப்பைக் கழற்றினேன், சுவரோடு நின்றேன், அந்த அம்மாவின் மகளுடைய கணக்குப் புத்தகத்தை வாங்கி இடுக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து என் வாடிக்கையாளர் ஒருவர் டியூப் வாங்க உள்ளே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டெய்லர், என் பேண்ட் என்னாச்சு?" என்றார். இடுக்கிய புத்தகத்தோடு, "திங்கட்கிழமை ரெடி" என்றேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அளந்தார். நாலு விரற்கடை வித்தியாசம்! சைக்கிள் ஃபிரேமில் கீறல் இல்லாததால் மாற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். சரியான அளவு நாளை வருகிறது. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையையும் நானே தைத்துவிட்டேன், கோட்டுத் தோள்பட்டைக்கு வைத்திருந்த பஞ்சை இரண்டு பக்கமும் வைத்து. நடந்தால் கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருக்கிறது, உட்கார்ந்தால் சொர்க்கம்.

இவ்வளவும் எதற்கு? பகலெல்லாம் மெஷின் முன் குனிந்தே கிடக்கிறவன் நான். நிமிர்ந்து இருப்பது ஓடும்போது மட்டும்தான். போன வருஷம் கடைசியாகத் தத்தித் தத்தி வந்தபோது நீங்கள் மூன்று பேரும் போகாமல் கோட்டருகே நின்று "அத்தான், வாங்க வாங்க!" என்று கத்தினீர்களே, அது எனக்கு இந்த வருஷமும் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது இல்லாமல் என்னால் முடியாது. பல் டாக்டருக்கு இதெல்லாம் எதற்கு? வாரத்தில் ஒரு நாள் சைக்கிள், மற்ற நாள் ஓட்டம். என் பெயர் அங்கேயே இருக்கட்டும், இது என் கடைசி வார்த்தை.

உங்கள் இருவருக்கும் காலும் மூச்சும் என்றும் கைவிடாமல் இருக்க என் ஆசிகள். மாமியாருக்கு என் மரியாதையைச் சொல்லவும், குதிகாலைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் புது சைக்கிள் வந்துவிட்டது. மச்சான், என் பெயரை அடித்துவிடு. 'தாங்கள்' எல்லாம் இனி வேண்டாம், எனக்கு அவசரம். இன்று விடியற்காலையில் ஏறினேன். அடடா! குதிகாலில் ஒரு சுருக்கு இல்லை, காற்று அப்படியே சட்டைக்குள் புகுந்து போகிறது. இதை விட்டுவிட்டு எவனாவது ஓடுவானா? வாரத்தில் ஒரு நாளாவது, மண்ணாவது, தினமும் போகப் போகிறேன். ஆனால் உன் பல் டாக்டரைச் சேர்க்காதே. மறுபடியும் விழுந்து வைப்பேன் என்று உன் அக்கா சீட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். தெருமுனையில் விட்டுவிடுவாள் என்று பார்த்தால் மேம்பாலம் வரை வந்து, திரும்பியும் வந்தாள், வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே. இறங்கியபோது எனக்குத்தான் மூச்சு வாங்கியது, அவள் திட்டு ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. "என் இடத்துல நீ ஓடுறியா?" என்று கேட்டேன். பிடித்திருந்த சீட்டை அப்போதுதான் விட்டாள். பிறகு, "புருஷன் ஓடுறீங்க, தம்பி ஓடுறான், தம்பி பொண்டாட்டி ஓடுறா. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?" என்றாள். இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது. அதற்கு முன்னால் அவள் பெயரை எழுது.