ஒமாஹா சொல்லாக்கக் குழுவின் நடு நாற்காலி

உலகில் எத்தனையோ மாமன்றங்கள் உண்டு. ஆனால் அமெரிக்கப் பழங்குடிகளான ஒமாஹா மக்கள் வாழும் எங்கள் மேசி ஊரில், சோள சூப் ஆறுவதற்குள் ஒரு மொழியையே காப்பாற்றிவிடும் ஆற்றல் எங்கள் ஒமாஹா சொல்லாக்கக் குழு ஒன்றுக்குத்தான் உண்டு.

குழுவின் கணக்குப்படி மொழியைச் சரளமாகப் பேசுபவர்கள் இருவர்: என் அம்மா லவினா, என் கணவர் எல்வுட். மாமியாரும் மருமகனும் நேரில் பேசாமலிருப்பதுதான் எங்களிடம் மரியாதை. ஆகவே இருவரையும் முதுகுகாட்டி உட்காரவைத்து, நடுவில் எனக்கொரு நாற்காலி போட்டார்கள். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுந்தாலும், நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் விழுந்ததாகக் கொள்வார்கள். ஒமாஹா தெரியாத குழுவினருக்கு மறுபடியும் ஆங்கிலத்தில் சொல்வேன். குழுவின் பதிவேட்டில் என் பதவி, 'இதர ஏற்பாடு'.

காபிக்குக் 'கறுப்பு மருந்து' என்று பெயர் வைத்த முன்னோர்கள் குழு எதுவும் கூட்டியதாகத் தெரியவில்லை. பாவம், பின்தங்கிய காலம்.

அன்று செல்போனுக்குச் சொல் வேண்டும்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, 'கழுத்தை வளைக்கிறது'ன்னு வைக்கலாம். அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்னு பார்க்காமலே தெரியுது."

"உங்கம்மாகிட்ட சொல்லு, 'பக்கத்துல இருக்கிறவங்களை மறக்கடிக்கிறது' இன்னும் பொருத்தம். ஞாயித்துக்கிழமை அதை நோண்டிக்கிட்டே அத்தை சூப்பைத் தீய விட்டாங்களே."

கல்யாணமான நாள் முதல் இருவர் கோபத்தையும் என் நாக்கில் அலசித்தான் அனுப்புகிறேன். அந்த மொழியில் எனக்கென்று சொல்ல ஏதாவது இருந்ததா என்று சில சமயம் யோசிப்பேன். அதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும்.

இரண்டு சொற்களையும் 'மேலாய்வுக்கு' ஒத்திவைத்துவிட்டு, குழந்தைகளுக்கான ஒமாஹா வகுப்பைப் பற்றிப் பேச வந்தார் தலைவர் டெல்மர். அம்மாவுக்கு மூட்டுவலி. எல்வுட்டுக்கு லாரி ஓட்டும் வேலை. இருவராலும் வகுப்பெடுக்க முடியாது என்பதால் அந்த ஆசிரியர் வேலையை நான் கேட்டிருந்தேன்.

"லெனோரா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் டெல்மர். "ஒரு கூட்டத்துலகூட நீங்க சொந்தமா ஒமாஹா பேசினதா பதிவு இல்ல. பேசத் தெரிஞ்ச ஆள் வேற யாரும் இல்லாததால வகுப்பை மூடுறோம். இதை அம்மாவுக்கு அவங்க மொழியிலயே சொல்லிடுங்க."

சொன்னேன். அம்மா நிதானமாகப் பதில் சொன்னாள். எனக்குப் பின்னால், வழக்கத்தை மீறி, நான் திருப்பிச் சொல்வதற்கு முன்பே எல்வுட் சிரித்துவிட்டார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் டெல்மர்.

"'பேச ஆள் இல்லைங்கிறதை யார்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க?'ன்னு கேட்குறாங்க."

'ஆழ்ந்த கருத்து' என்று தலைவர் மனதாரப் பாராட்டினார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, பதிவுக்காக அதை ஒமாஹாவில் எழுதித் தரச் சொன்னார்.