ஒற்றைச் சார்ஜரை ஆடிட்டர் வென்ற படலம்

கேளுங்கள், பெட்ரோல் குடிக்கும் ஊர்திகளோடே பிறந்து வளர்ந்த பெருமக்களே! புகை கக்காப் பொற்றேரின் பாகரும், பிறர் கணக்கில் பிழை தேடித் தேடியே முன்தலை மயிரைப் பறிகொடுத்தவரும், வேகமுள் எழுபதைத் தொட்டால் நெஞ்சு படபடக்கும் நிதானப் பெருமலையும், தண்ணீர்க் குடத்தை எட்டிப் பார்த்துக்கூட "இன்னும் நாப்பது பர்சன்ட் இருக்கு" என்று அறிவிக்கும் சதவீதச் செம்மலுமாகிய ஆடிட்டர், ஒரே ஒரு சார்ஜருக்காக ஒரு நண்பகலில் புரிந்த பெரும்போரின் வரலாறு இது. மின்சாரம் என்னும் கண்காணாத் தாயே! எந்தக் கம்பியில் நீ இருப்பாய், எந்தக் கம்பியில் இருக்கமாட்டாய் என்பதை எந்தச் செயலியும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. இந்தக் கதை முடியும்வரையாவது தடையின்றி ஓடு.

மண்ணுக்காகப் போர் நடந்திருக்கிறது, பெண்ணுக்காக நடந்திருக்கிறது. இந்தப் போர் கேக்குக்காக நடந்தது. ஆடிட்டரின் மனைவி வங்கி வேலையை உதறிவிட்டுக் கேக் செய்து விற்பவள். அவளுடைய தங்கையின் கல்யாண வரவேற்பு அன்று மாலை, நெடுஞ்சாலை போய்ச் சேரும் தொலைதூர நகரம் ஒன்றில். அதற்காக இரண்டு நாள் தூக்கத்தைக் கொன்று அவள் எழுப்பியிருந்தாள் ஒரு மூவடுக்கு வெண்மாளிகை. பாலாடையை உருட்டியெடுத்தாற்போன்ற சுவர்கள், அடுக்குக்கு அடுக்கு வெண்ணெய்க் கிரீமில் மலர்ந்த ரோஜாக்கள், ஒவ்வொரு ரோஜாவும் சுண்டுவிரல் நகத்தின் அளவு. "நல்ல வேலையை விட்டுட்டு மாவு பிசையறா" என்று மூன்று வருடமாக உதட்டைப் பிதுக்கிய சித்தப்பாக்களும் அத்தைகளும் பெரியம்மாக்களும் ஒரே கூரையின்கீழ் கூடும் நாள் அது. அவர்கள் நடுவில் அந்தக் கேக் நிமிர்ந்து நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இனி எதிர்ப்படை. மனைவிக்கு ஒரு தம்பி. கடைகளுக்கு ஐஸ்கிரீம் சரக்குப் போடுபவன். மலைக்குளிரை மடியில் கட்டிக்கொண்டு திரியும் டீசல் வேன் ஒன்று அவனிடம் இருந்தது. பின்னால் ஆள் நிற்குமளவு உறைபெட்டி, கூரையில் தெருப்பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே இழுக்கும் கிணுகிணு இசை. அதே மண்டபத்துக்கு, அதே நாளில், அதே சாலையில் அவனும் ஐஸ்கிரீம் ஏற்றிக்கொண்டு போகிறான். மண்டையில் மூளை உள்ள எவரும் அந்தக் கேக்கை அந்த வண்டியில் வைத்து அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், மாமனார் மாமியார் இருவரும் அருகிலேயே கேட்டுக்கொண்டிருக்கையில், "மாமா, உங்க வண்டி தெருமுனை தாண்டுமா, இல்ல நான் கயிறு எடுத்துட்டு வரட்டுமா?" என்று அந்தத் தம்பி கேட்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் புரையேறிச் சிரித்தார். அன்றே, மோர்க் கிண்ணத்தின் மேல் கை வைத்து, கேக்கும் கேக்கைச் செய்தவளும் தம் மின்தேரிலேயே வழியில் எங்கும் நின்றுபோகாமல் மண்டபம் சேர்வார்கள் என்று ஆடிட்டர் சூளுரைத்தார். மனைவி ஒரு சொல் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"ஏசி ஓடணும். வழி முழுக்க ஓடணும். ஏசி நின்னா கேக் நிக்காது."

அவர் தலையசைத்தார்.

போர்க்கோலம் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. ஒரு வாரம் அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை. மூன்று செயலிகளைக் கைபேசியில் இறக்கி, முன்னது சொன்னதைப் பின்னது மறுக்க, இரண்டையும் மூன்றாவது பழிக்க, மூன்றையும் எதிரெதிரே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தார் நம் தணிக்கைத் தளபதி. மேடு எங்கே, பள்ளம் எங்கே, எதிர்க்காற்று எப்போது, மனைவியின் எடை என்ன, கேக்கின் எடை என்ன என்று கணித்தார். கேக்கின் எடையை அவள் சொன்னாள். கடைசியில் பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் நின்ற சார்ஜர் ஒன்றைத் தம் பாசறையாகத் தேர்ந்து, அங்குள்ள காவலாளியிடம் தாமே தொலைபேசியில் பேசினார். "இருக்கு சார். நேத்து வரைக்கும் ஓடுச்சு" என்றான் காவலாளி. ஆடிட்டர் "ஓடுகிறது" என்று குறித்துக்கொண்டார். பிறர் கணக்கில் இப்படி ஒரு பதிவைக் கண்டிருந்தால் கையெழுத்துப் போட மறுத்திருப்பார்.

புறப்பாட்டு நாளும் வந்தது. பின்னிருக்கையில் அட்டைக் கோட்டைக்குள் கேக் அமர்ந்தது, அதன் இடுப்பில் சீட் பெல்ட் பூட்டப்பட்டது, பக்கத்திலேயே மெய்க்காவலாக மனைவி. நூறு சதவீத ஒளிவட்டத்தோடு கிளம்பிய தேரை லாரிகள் முந்தின, லாரிகளை முந்த முடியாத மினிவேன்கள் முந்தின, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நெடுநேரம் யோசித்துவிட்டு முந்தியது. எருமைக்கூட்டம் கடந்துபோகப் பார்த்து நிற்கும் யானையைப் போல நம் வீரர் அவை எதற்கும் அசையவில்லை. நீண்ட சரிவொன்றில் பிரேக் மீட்டுத்தந்த மின்சாரத்தின் புண்ணியத்தால் சதவீத எண் ஒன்று கூடியபோது மட்டும், காணாமற்போன பிள்ளை திரும்பி வந்தவர்போல் "பாத்தியா, ஏறுது" என்று தழுதழுத்தார். மனைவி கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

பாசறை வந்தது. திரை இருண்டு, ஒட்டுத்தாள் ஒட்டி, அடியில் ஒரு நாய் சுருண்டு படுத்திருக்க நின்றது அந்தச் சார்ஜர், படையெடுப்பில் பாழ்பட்ட காவற்கோபுரம்போல. ஆடிட்டர் அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார், பின்பு எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தினார். நாய் எழுந்து வேறு நிழலுக்குப் போனது. ஓடவில்லையே என்று காவலாளியிடம் முறையிட்டதற்கு, அவன் பல்குச்சியைக் கடைவாய்க்கு மாற்றிக்கொண்டு நியாயத்தைச் சொன்னான்.

"நேத்து வரைக்கும்னு சொன்னேனே சார்."

சுவரில் சாதாரணப் பிளக் ஒன்று இருந்தது. அதில் சொருகினால் மறுநாள் காலை புறப்படலாம். அடுத்த சார்ஜரோ எழுபது கிலோமீட்டருக்கு அப்பால், சாலையோர ஓட்டல் ஒன்றின் பின்புறத்தில். தேரில் மிஞ்சிய ஆற்றல் அதற்குப் போதும், ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டால். அந்த ஒன்று எது என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அறத்துக்கும் ஆற்றலுக்கும் இடையே அவர் உள்ளத்தில் நடந்த போரை என்னென்பது! ஒருபுறம் கட்டியவளுக்குக் கொடுத்த வாக்கு வெண்குடை பிடித்து நின்றது. மறுபுறம் மச்சானின் கயிறு பாம்புபோல் நெளிந்தது. போர் ஒரு வேகத்தடைக்கும் அடுத்த வேகத்தடைக்கும் இடையில் முடிந்தது. தெருவிளக்கின்மேல் கல்லெறியும் சிறுவனின் லாவகத்தோடு அவருடைய இடக்கைச் சுட்டுவிரல் நகர்ந்து, ஒரு சின்ன வெளிச்சத்தை அணைத்துவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் ஸ்டீயரிங்கில் வந்து அமர்ந்தது. காற்று வந்தது. குளிர் வரவில்லை. வெயில் கண்ணாடிகளின் வழியே உள்ளே குடியேறியது.

தேர் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு மேலடுக்கின் ஒரு ரோஜா, அரியணை இழந்த அரசிபோல மெல்லச் சரிந்து நடுவடுக்கின் ரோஜாவின் தோளில் சாய்ந்தது.

"ஏங்க, ஏசி ஓடுதா?"

"ஃபேன் ஓடுது."

அவள் கைபேசியை எடுத்தாள். யாரை அழைத்தாள் என்று கேட்கும் துணிவு, ஆயிரம் வரவு செலவை அஞ்சாது விசாரித்த அந்த மாவீரருக்கு அப்போது இல்லை.

ஓட்டலின் பின்புறம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் காலி சிலிண்டர் வரிசைக்கும் நடுவே, பச்சை விளக்கு கண்சிமிட்ட, உயிரோடு நின்றது ஒற்றைச் சார்ஜர்! ஒரே சார்ஜர், அதற்கு ஒரே கைப்பிடி. ஐந்து சதவீதத்தோடு கிழக்கு வாசல் வழியே ஆடிட்டர் நுழைந்த அதே கணத்தில், மேற்கு வாசல் வழியே சேறு பூசிய சிவப்பு மின்தேரில் நுழைந்தார் ஒரு பெண்மணி. கால்நடை டாக்டர். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், முரண்டு பிடிக்கும் காளையின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றிப் பழகிய கைகள், மூன்று சதவீதம். இருவரும் இறங்கினர். இருவரும் நடப்பதுபோல ஓடினர். பருந்தினும் விரைந்து கைப்பிடியைப் பற்றியவர் ஆடிட்டரே. ஆயின் சார்ஜருக்குரிய செயலியைத் திறந்து உரிய பொத்தானை முந்தி அழுத்தியவர் டாக்டர்.

ஆகவே வாள் இவரிடம், உறை அவரிடம். ஆடிட்டரின் கைபேசியில் நான்காவது செயலி ஒன்று இனிமேல்தான் இறங்க வேண்டும். இறங்கிய பின் ஓடிபி என்னும் ஆறிலக்க மந்திரம் வந்தாக வேண்டும். மந்திரம் வரச் சிக்னல் வேண்டும். சிக்னல் அந்தக் கொல்லையில் புளியமரத்தடியில் மட்டும் கிடைத்தது. கைப்பிடியின் கேபிளோ அவ்வளவு தூரம் நீளாது. மரத்தடிக்குப் போனால் கைப்பிடி போகும், கைப்பிடியைக் காத்தால் மந்திரம் வராது. கேபிளை இழுத்த மட்டும் இழுத்து, ஒரு கால் சார்ஜர் பக்கமும் உடல் புளியமரத்தின் பக்கமுமாக, கைபேசியை வானுக்கு உயர்த்தி நின்றார் நம் வீரர், வில்லை நாணேற்றியபடியே சிலையாகிப்போனவர்போல.

"எனக்கு ஒரு மாடு கன்னு போட முடியாம கெடக்கு சார்" என்றார் டாக்டர்.

"எனக்கு உள்ள ஒரு கேக் இருக்குங்க மேடம்" என்றார் ஆடிட்டர்.

மாட்டுக்கும் கேக்குக்கும் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல அங்கே யாருமில்லை. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பெண் மட்டும் குழாயை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தாள். வெயில் ஏறியது. தேருக்குள் இரண்டாம் ரோஜா வீழ்ந்தது, மூன்றாவது வீழ்ந்தது, மேலடுக்கே ஒரு பக்கமாக, தூக்கம் சொக்கும் வாயிற்காவலன்போல் சாயத் தொடங்கியது. மனைவி தன் இரு உள்ளங்கைகளையும் அதற்கு முட்டுக்கொடுத்து அமர்ந்திருந்தாள்.

அப்போது கேட்டது அந்தச் சங்கொலி. கிணுகிணு, கிணுகிணு என்று நெடுஞ்சாலை அதிர, வெண்புகை பின்தொடர, கொல்லை வாசலில் வந்து நின்றது ஐஸ்கிரீம் வேன். தம்பி குதித்து இறங்கினான். அக்காவும் அவனுமாக, காயம்பட்ட அரசரைப் பல்லக்கில் ஏற்றுபவர்கள்போல அந்த மூவடுக்கை ஏந்திப் போய், உறைபெட்டியின் பனிமூட்டத்துக்குள் இறக்கினார்கள். அவள் கிரீம் பூசும் கத்தியையும் அதைப் பிழியும் குழாய்ப் பையையும் எடுத்துக்கொண்டாள். சரிந்த ரோஜாக்களை வழியிலேயே மறுபடி மலர்த்திவிடுவாள் என்பது அவள் கத்தியைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. கைப்பிடியும் கேபிளுமாய் நின்ற கணவனின் அருகே வந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நீங்க சார்ஜைப் பாத்துக்கோங்க. நான் கேக்கைப் பாத்துக்கறேன்."

"நீயாவது இருக்கலாமே" என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் அவள் வேனுக்குள் போய்விட்டாள். தம்பி வேனில் ஏறி, கண்ணாடியை இறக்கி, ரொம்பவும் மரியாதையாகத் தலையைக் குனிந்தான்.

"வரட்டுமா மாமா? நூறு பர்சன்ட் ஆனதும் வாங்க."

வேன் திரும்பிய கணத்தில், அதன் கிணுகிணு இன்னும் காதில் அடங்குமுன், வந்தது ஓடிபி! ஆறிலக்கமும் அம்பறாத்தூணியின் ஆறு அம்புகளாய்ப் பாய, டாக்டரின் முன்பதிவு காலாவதியாகிச் செயலி பிளந்து வழிவிட, கைப்பிடி தேரின் விலாவில் புகுந்து பூட்டிக்கொள்ள, எண் ஐந்திலிருந்து ஆறுக்கு ஏற, வென்றார் ஆடிட்டர்! டாக்டர் அவரை ஒரு கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, ஓட்டல்காரரின் பைக்கைக் கேட்டு வாங்கி, பூட்ஸோடு ஏறி மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இவ்வாறாக, எதிரிகள் யாவரும் களத்தைவிட்டு அகல, தட்டுக் கழுவும் பெண்ணும் குழாயைத் திறந்துகொள்ள, தன்னந்தனியே நின்று தேரின் வயிறு நிறைய மின்னமுதம் ஊட்டி, சாய்ந்த வெயில் முதுகைத் தட்டிக்கொடுக்க நெடுஞ்சாலை ஏறி, இப்போது கஞ்சத்தனம் சிறிதுமின்றி ஏசியை முழு வேகத்தில் திறந்துவிட்டு, காலியான பின்னிருக்கையில் பூட்டியபடியே கிடந்த சீட் பெல்ட்டுக்குக் குளிர்வீசி, சொன்ன சொல் தவறாமல் வழியில் எங்கும் நின்றுபோகாத பெருமையோடு, மிச்சம் முப்பத்தொரு சதவீதம் மகுடமாய் ஒளிர, வரவேற்பு வளைவைத் தாண்டி, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களை விலக்கி, மண்டபத்தின் நடுநாயகமாக நின்ற மேசையை நோக்கி வெற்றித் திருவுலா வந்தார் மின்தேர் வேந்தர்.

கேக் தீர்ந்துபோயிருந்தது.