திருப்பிப் பார்க்கிற திருமலைசாமி

ஒரு சொம்பைக் கையில் கொடுத்தால் தண்ணீர் குடிக்கிறவர்கள் உண்டு. சொம்பையே கொண்டுபோய்விடுகிறவர்களும் உண்டு. இந்த இருவராலும் ஊருக்குப் பெரிய தொந்தரவு இல்லை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, சொம்பைக் கவிழ்த்து, அடியைப் பார்த்து, விரலால் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, "அது சரிங்க, இதையே கொஞ்சம் மாத்திப்போட்டா?" என்று கேட்கிற இனம். தாகத்தோடு வந்தது அவருக்கு அப்போது ஞாபகம் இருக்காது. சொம்பு கொடுத்தவருக்குத்தான் இருக்கும்.

கோயமுத்தூரில் இந்த இனம் இப்போது பெருகி வருகிறது. சோளம் விளைந்த காட்டுக்குக் குருவி வருகிற மாதிரி, பட்டறை பெருகின ஊருக்கு இவர்கள் வருகிறார்கள். நல்ல உருப்படியாக ஒருவரைப் பார்க்க வேண்டுமா? வார்ப்படச் சாலையில் மாதிரி உருவம் செதுக்கும் திருமலைசாமியைப் பாருங்கள். இரும்பில் எதை வார்ப்பதானாலும் முதலில் அதே உருவத்தை மரத்தில் செதுக்கி மண்ணில் பதிக்க வேண்டும். அந்த மரத்தைச் செதுக்குகிறவர் அவர்.

அங்கே வந்து சேருவதற்குள் அவர் ஏறி இறங்கின படிகள் கொஞ்சமா? தாராபுரத்தில் வண்டிப் பட்டறையில் இருந்தார். வண்டிக்காரன் பாவம் வெயிலில் காய்கிறானே என்று அவன் உட்காரும் பலகையை வண்டிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். நிழல் கிடைத்தது. ரோடு தெரியவில்லை. பிறகு பவானியில் ஜமக்காளத் தறிக்குப் போனார். எத்தனை காலத்துக்குத்தான் நேர் பட்டையாகவே நெய்வது என்று ஆற்று அலை மாதிரி நெளிநெளியாகப் பட்டை போடவைத்தார். ஒரு கல்யாணத்தில் அந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்த சம்பந்தி வீட்டார் பந்திக்கு முன்னாலேயே தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் முதலாளிகள் ஒன்றையே சொன்னார்கள்: "உங்களுக்கு நல்ல கைங்க. வேற எங்காச்சும் போயி நல்லா இருங்க." திருமலைசாமி இதை நற்சான்றாகவே எடுத்துக்கொண்டார்.

வேலை நேரம் போக மிச்ச நேரத்துக்கும் கலை உண்டு. நாடகக் கம்பெனிக்குக் காட்டுத் திரை எழுதிக் கொடுத்தார். அதில் ஏழு யானை. ஏழும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஏன் என்று கேட்டதற்கு, "தொண்டாமுத்தூர்ல நான் பாத்தப்ப அதுக போயிட்டு இருந்துச்சுங்க" என்றார். பார்க்காததை எழுத மாட்டார், அவ்வளவு சுத்தம்.

வீட்டிலே? தேங்காய் துருவுகிற பலகைக்குக் காலால் மிதிக்கிற விசை வைத்தார். தேங்காய்ப்பூ அன்றிலிருந்து கூரையில்தான் கிடைக்கும். கதவுக்கு வைத்த புதுத் தாழ்ப்பாளைத் திறக்க, முழங்காலால் முட்டி, தோளால் நெம்பி, பெருமூச்சு விட வேண்டும். கடைசியில் அவர் மனைவி பூவாத்தாள் அம்மிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஏனுங்க, எதை வேணாலும் திருப்பிக்கோங்க. இந்த அம்மியை மட்டும் திருப்பினீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்."

அம்மி தப்பித்தது. ஆனால் வருகிறபோதும் போகிறபோதும் அவர் கண் அதன் மேல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகும்.

இவ்வளவுக்கும் திருமலைசாமியின் ஆசை ஒன்றே ஒன்று. தான் உண்டாக்கின சாமான் ஒன்றில் தன் பேர் இரும்பு எழுத்தில் புடைத்து நிற்க வேண்டும். வார்ப்படச் சாலையில் வார்க்கிற அத்தனை சாமானிலும் முதலாளி ஈஸ்வரமூர்த்தியின் பேர்தான் இருந்தது. ஒருநாள் முதலாளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏப்பா திருமலை, ஊரு ஊரா கரண்டு வந்துபோட்டுது. ஆனா மோட்டார் பம்புன்னா குடியானவன் பயப்படறான். மாட்டை உட மாட்டேங்கறான். சரி, மாட்டுக்காவது உதவற மாதிரி ஒரு இரும்புச் சாமான் செஞ்சு குடு. வேலை செஞ்சுதுன்னா உம் பேரையே வார்த்துப்போடலாம்."

திருமலைசாமிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கவலையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். மனக்கவலை இல்லை, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலை. இரண்டு மாடும் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால் தண்ணீர் மொள்ளுகிற சால் நிரம்பி மேலே வரும். பிறகு மாடுகள் திரும்பாமல் அப்படியே பின்பக்கமாகச் சரிவேறினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். வாயில்லா ஜீவன் ஒரு நாளைக்கு நூறு தரம் பின்னால் நடப்பதாவது? மாட்டுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? ஒரு கொக்கி செய்தார். சரிவின் அடியில் அதைத் தட்டினால் வடம் கழன்று, சால் தானே இறங்கிவிடும். மாடுகள் திரும்பி, நாலு பேரைப் போல முன்னால் பார்த்து நடந்து மேலே வரலாம். மர மாடு இரண்டு செதுக்கி, விரலால் தள்ளிப் பார்த்தார். மர மாடுகள் சொன்னபடி கேட்டன.

வெள்ளோட்டம் தொண்டாமுத்தூரில், பூவாத்தாளின் அண்ணன் பொங்கியண்ணன் தோட்டத்தில். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். முதலாளி சரிவுக்கு நேரே கீழே காரை நிறுத்தி, இறங்காமல், இளநீரும் கையுமாக உட்கார்ந்தார். மாடு இறங்கியது. தண்ணீர் வந்தது. திருமலைசாமி கொக்கியைத் தட்டினார். வடம் விர்ரென்று போய், சால் கிணற்றுக்குள் தடாலென்று விழுந்தது. எல்லாம் அவர் நினைத்தபடியே.

"மச்சான், இப்பத் திருப்புங்க."

பொங்கியண்ணன் மாடுகளைக் கிணற்றுப் பக்கம் திருப்பி நிறுத்தினார். மாடுகள் யோசித்தன. பழகின நாள் முதலாய் அந்த இடத்துக்கு வந்தால் அவற்றுக்கு ஒரே வேலைதான். பின்னால் போவது. முகம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? போயின. வாய்க்காலைத் தாண்டி, மிளகாய்ப் பாத்தியை மிதித்து, கயிற்றோடு பொங்கியண்ணனையும் இழுத்துக்கொண்டு, ஒரே கதியில், நிதானமாய்.

"மாப்ளே, இதை நிறுத்தறதுக்கு எங்க கொக்கி வெச்சிருக்கறே?" என்று கேட்டுக்கொண்டே பொங்கியண்ணன் போனார்.

வலத்து மாட்டின் பின்புறம் கார் விளக்கின் மேல் போய் உட்கார்ந்தது. அங்கேயும் சரிவுதான். இரண்டு மாடு, ஒரு மச்சான், கார், காருக்குள் இளநீரோடு முதலாளி, அத்தனையும் பின்பக்கமாகவே ஊர்வலம் போய், கிளுவை முள்வேலியில் சாய்ந்து நின்றன. முதலாளி இளநீரைச் சிந்தவில்லை. அதனால்தான் அவர் முதலாளி.

சாய்ந்த காரை யாரும் பார்க்கவில்லை, முதலாளியின் முகத்தைத்தான் பார்த்தார்கள். போச்சு, பேர் போச்சு என்று திருமலைசாமி கண்ணை மூடிக்கொண்டார். பொங்கியண்ணன் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க மோட்டார் பம்பு, அது முன்னால போகுங்களா, பின்னால போகுங்களா?"

"அது எங்கயும் போகாதுங்க. வெச்ச எடத்துல நிக்கும்."

"அப்ப எனக்கு ஒண்ணு குடுத்துருங்க. மாப்பிள்ளை அடுத்தபடி வாரதுக்குள்ள."

பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் தங்களுக்கும் ஒவ்வொன்று என்றார்கள். அதற்குப் பிறகுதான் முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு வருஷமா நான் பேசி விக்காததை அரை நாழியில வித்துப்போட்டயப்பா. வெள்ளிக்கிழமை வார்ப்பு. பம்பு மூடியில முட்டை வட்டமா எடம் உடச் சொல்றேன். உம் பேரைச் செதுக்கிக் கொண்டா."

நாலு நாள் இருந்தது. திருமலைசாமி முதல் நாளே பேரைச் செதுக்கி முடித்தார். அழகான எழுத்து. அத்தோடு விட்டிருக்கலாம். விடுகிற இனமா அது? பலகையைத் திருப்பிப் பார்த்தார். 'தி'யின் சுழி மாட்டு வால் மாதிரி பட்டது. இரண்டாம் நாள் எழுத்தை வளைத்தார். மூன்றாம் நாள் பக்கத்துக்கு ஒரு மயில் வைத்தார். மயில்களும் நாடகத் திரை யானை மாதிரி திரும்பி நின்றன.

"பேரு பேராட்டமா இருந்தா போதாதுங்களா?" என்றாள் பூவாத்தாள்.

"அது சரி, இதையே கொஞ்சம் மாத்திப்போட்டா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழு பலகை அரைகுறையாகக் கிடந்தன. உருகின இரும்பு யாருக்குக் காத்திருக்கும்? ஐந்து பம்பும் வட்டம் வெறுமையாகவே வார்த்து முடிந்தன.

பொங்கியண்ணன் கிணற்றில் முதல் பம்பை ஓட்டும் நாளில், அந்த வெறும் வட்டத்தைப் பார்க்க மாட்டாமல் திருமலைசாமி வேலியோரம் நின்றார். பூவாத்தாள் வட்டத்தைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். போய் வட்டத்துக்கு மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். இரும்புக்கு ஒரு முகம் வந்துவிட்டது. கூடியிருந்த பெண்டுகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் வார்ப்படச் சாலைக்கு வந்த குடியானவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கேட்டார்கள்: "பொட்டு வெக்கற எடம் இருக்குதுங்களே, அந்தப் பம்பு." முதலாளி கெட்டிக்காரர். அந்த வட்டத்தில் இனி யார் பேரும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார், தன் பேர் உட்பட. திருமலைசாமி உண்டாக்கின சாமான்களில் ஊரார் கேட்டு வாங்கினது அது ஒன்றுதான், அவர் செதுக்காமல் விட்ட இடம். உத்தரவைக் கேட்டுவிட்டு அவர் ஒரு பம்பு மூடியைக் கையில் எடுத்தார். பிறகு மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"அது சரிங்க முதலாளி, இந்த வட்டத்தையே கொஞ்சம் பெருசாக்கிப்போட்டா?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த மாடுகள் பின்னால் போனபோது, கொக்கியைக் கீழே வைக்காமல் வேறு எங்கே வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று உங்களுக்கு ஒரு யோசனை வந்ததா, இல்லையா? வந்திருந்தால், எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். குடித்துவிட்டுச் சொம்பை வைத்துவிட்டு வாருங்கள். அடியைப் பார்க்காமல்.