மஞ்சப்பாறைக்குடியில் எந்த யூனியன்?

மட்டாஞ்சேரி,
ஜூன் 14, ஞாயிறு.

திருப்பூணித்துறை இசக்கிதுரை அத்தான் அவர்களின் மேலான கவனத்துக்கு, அங்கம்மாள் அக்காவின் கடைசித் தம்பி சுப்புராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வசந்தியும் சுகம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கே அக்கா சுகமாக இருப்பார்கள், தங்களுடைய பிரஷரும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அது கட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று பகவதியை வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும், காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் உங்களுக்கு வாய்ஸ் மெசேஜாகச் சொல்லி அனுப்பினேன். பதினோரு நிமிஷம். அதில் நான் வழுக்கி விழுந்தது மூன்று தடவை, அட்டை கடித்தது சொல்லக்கூடாத ஓர் இடத்தில், கடைசி நாலு நிமிஷம் பேச்சே கிடையாது, மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும்தான். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் அது உங்களுக்குப் போகவில்லை, எங்கள் சுமட்டுத் தொழிலாளர் குரூப்புக்குப் போயிருக்கிறது. நாற்பத்திரண்டு பேர். ஒருத்தன் விடாமல் முழுசாகக் கேட்டிருக்கிறார்கள். கொச்சங்காடி கிடங்கு வாசலில் அரிசி லாரி வந்து நிற்கிறது, மூட்டையில் கை வைக்க ஆளில்லை, எல்லாரும் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். “சுப்புராஜ் சேட்டா, அந்த அட்டை இறங்கியோ, இப்பவும் அங்ஙனத்தன்னெ உண்டோ?” என்று ஒருத்தன் கேட்கிறான். எங்கள் கன்வீனர் முகமது இஸ்மாயில் இக்கா மட்டும் சிரிக்காமல், “கரஞ்ஞோட்டெ, கரஞ்ஞா நெஞ்சு லேசாகும்” என்றார். அழுதால் நெஞ்சு லேசாகுமாம். அவர் அப்படிச் சொன்னதும்தான் மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆகவே இனி எனக்கு எழுத்துதான். தாங்களும் முப்பது வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர், “எதையும் எழுத்துல குடு சுப்புராசு, வாய்ப்பேச்சு ஆபீஸ்ல நிக்காது” என்று சொல்பவர். எட்டாம் வகுப்போடு நின்ற தமிழில் கொடுக்கிறேன், பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் செல்வி அந்த மலைக்குடியில் ஒற்றை டீச்சராகத் தற்காலிக வேலையில் இரண்டு வருஷமாகக் கிடக்கிறாளே என்று, திருப்பூணித்துறையில் தங்களுக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் பார்த்து, சம்மதக் கடிதத்தை டைப் அடித்து, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டு, பச்சை பிளாஸ்டிக் பைலில் வைத்து என் கையில் தந்தீர்கள். “இருபதாம் தேதிக்குள்ள வேலைல சேரணும். நீ ஒண்ணும் வியாக்கியானம் பண்ணாண்டாம். பைலை நீட்டு, கையெழுத்த வாங்கு, எறங்கி வா” என்றீர்கள். மொத்தம் மூன்று காரியம். அதில் மூன்றாவதை மட்டும் குறைவில்லாமல் செய்துவிட்டேன்.

அடிமாலி வரை பஸ், அப்புறம் ஜீப். அதை ஜீப் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாதை முடிந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து மஞ்சப்பாறைக்குடி இரண்டு கிலோமீட்டர், நேராக மேலே. செல்வி இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தாள், மெலிந்து, கறுத்து, முழங்கால் வரை சேற்றோடு. அதே ஜீப்பில் அவள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கட்டுப் பாடப்புத்தகமும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் வந்திருந்தன. டிரைவர் அவற்றை வழியோரம் இறக்கிப் போட்டார். இப்போது பாருங்கள் அத்தான், என் புத்தியை. முப்பத்தெட்டு வருஷமாக மூட்டை தூக்குகிறவன், இரண்டு கட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எங்கள் தொழிலில் அடுத்தவன் ஏரியாவில் ஒரு முறுக்குப் பொட்டலத்தைக்கூடத் தூக்கக் கூடாது, ஊரே கலவரமாகிவிடும். அதனால் டிரைவரிடம் தணிந்த குரலில், “இங்ஙன எந்த யூனியன்? ஆளு எப்ப வருவாங்க?” என்று விசாரித்தேன். அவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். செல்வி, “அப்பா, இங்க யூனியன் நான்தான்” என்றாள். சொல்லிவிட்டு, துப்பட்டாவை இரண்டு முறுக்கு முறுக்கி, சும்மாடு சுற்றித் தலையில் வைத்து, முழங்காலை மடக்கி, ஒரே தம்மில் புத்தகக் கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். கழுத்து அசையவில்லை. இடுப்பு மட்டும் ஒரு சின்ன வெட்டு வெட்டி எழுந்தது. அது என் வெட்டு அத்தான். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். தலைச்சுமை என்னோடு ஒழியட்டும், நீ பேனாவைவிடப் பெரிதாக எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லித்தானே டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினேன்? அரிசி மூட்டையை நான் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஏறினேன், அந்தக் கோபத்திலேயே முதல் தடவை வழுக்கி விழுந்தேன். இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. நான் கொச்சங்காடிக்கு வந்த புதிதில் முதல் முழு மூட்டையைத் தனியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றைக்கு, அப்போதைய கன்வீனர், இஸ்மாயில் இக்காவின் வாப்பா, ஒரு வார்த்தை பேசாமல் தன் தலைத்துண்டை அவிழ்த்து என் தோளில் போட்டார். எங்களுக்குச் சர்டிபிகேட் அதுதான். பேச்சு கிடையாது, கைதட்டல் கிடையாது. வாங்கினவன் பதிலுக்குச் சிரிக்கவும் கூடாது. இந்தக் கதையை நான் நூறு தடவை சொல்லி, வசந்தி நூறு தடவை அடுக்களைக்குப் போயிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் என்பது ஒரே அறை. நாலு வகுப்பும் அதிலேயே. நாலு மூலைக்கு நாலு வகுப்பு, நடுவில் செல்வி பம்பரம் மாதிரி. அக்கா கொடுத்துவிட்ட முறுக்கு டப்பாவைக் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து கழித்தல் கணக்கு நடத்தினாள். இருபதில் ஒன்று போனால் எத்தனை, என்று ஆளுக்கொன்றாக இரண்டு சுற்றுப் போய், கடைசியில் சைபர் என்பதை ஒரு பிள்ளைகூட மறக்காத மாதிரிப் புரியவைத்தாள். எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

அங்குள்ள மக்கள் பேச்சு நம் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலையாளப் பாடப்புத்தகம் அந்தப் பிள்ளைகள் காதில் ஏறுவதில்லை. அதனால் செல்வி பாடத்தை நம் வீட்டுப் பேச்சில் சொல்லி, அப்புறம் மலையாளத்தில் எழுதவைக்கிறாள். நான் வெளியே உட்கார்ந்து அட்டை விழுவதற்காகக் காலில் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, “ஏட்டி, அங்ஙன என்ன பராக்கு? இங்ஙன பாரு!” என்று ஒரு சத்தம். திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். நான் திட்டுகிற மாதிரியே இருந்தது. அத்தான், இவள் அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது நான் சோற்றுப் பாத்திரம் கொண்டுபோனால், மலையாளப் பிள்ளைகள் ‘பாண்டி’ என்று கேலி செய்வார்கள் என்று, “அப்பா, கேட்டுப் பக்கத்துல நின்னு தமிழ் பேசாதீங்க” என்று கெஞ்சியவள். நானும் ஐந்து வருஷம் அந்த கேட்டில் ஊமையாகவே நின்று சோறு கொடுத்தேன். அந்தத் தமிழை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு இவள் பள்ளிக்கூடம் நடத்துகிறாள்.

மறுநாள்தான் விசேஷம். பள்ளி திறந்து ஆறாவது வேலை நாள். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று பதினோரு மணிக்குள் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டுமாம், அதற்கும் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். பத்துக்குக் குறைந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தை அடுத்த குடியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. அடுத்த குடி ஏழு கிலோமீட்டர் காட்டுவழி. அங்கே எந்தப் பிள்ளையும் நடந்து போகப்போவதில்லை, அத்தோடு படிப்பு முடிந்தது. முந்தின நாள் பத்துப் பேர் இருந்தார்கள். அன்றைக்கு விடிய விடிய மழை. ஒன்பதரை மணிக்கு எண்ணினால் ஒன்பது. ஓடைக்கு அந்தப் பக்கத்திலுள்ள மாயம்மாள், ஒன்றாம் வகுப்பு, வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. பள்ளிக்கூடமே இல்லையென்றால் அவள் எங்கே போவாள்? திருப்பூணித்துறைக்குத்தானே. சட்டைக்குள் இருந்த பச்சை பைலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தங்கள் பெருக்கல் குறி கூப்பிடுவது போல இருந்தது.

செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். பிள்ளைகளை ஓர் அம்மாளிடம் விட்டுவிட்டு, சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். தண்ணீர் தொடை வரைக்கும் சிவப்பாகப் போகிறது, குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். அக்கரையில் மாயம்மாள் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முதுகில் பை. என் மகள் நாற்பத்தாறு கிலோ. நான் தொண்ணூறு கிலோ மிளகு மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறியவன். “நில்லுட்டி அங்ஙன!” என்று கத்திக்கொண்டு கயிற்றைப் பிடித்து நான் இறங்கிவிட்டேன். எந்த யூனியன், யார் ஏரியா என்று கேட்கவேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை. அக்கரை போய், அந்தத் தாயிடம் கும்பிட்டுக் கேட்டு, பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

என் சர்வீஸில் எந்தச் சுமையும் என்னிடம் குறை சொன்னதில்லை. இது சொன்னது. “எடத்தால போ தாத்தா. அந்தக் கல்ல மிதிக்காதே, அது ஆடும். டீச்சரு அத மிதிக்காது.”

“டீச்சரா? உன்ன டீச்சரா தூக்கிட்டு வரும்?”

“தண்ணி வந்தா எப்பவும் டீச்சருதான். டீச்சரு பேசாமத் தூக்கும். நீதான் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுற.”

அந்தக் கல்லை மிதித்தேன். அது ஆடியது. இரண்டாவது தடவை விழுந்தது அங்கேதான், ஆனால் கயிற்றை விடவில்லை, முழங்கால்தான் போயிற்று, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கரையேறினதும் செல்வி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மாயம்மாளை இறக்கி, “எத்தனடி இப்ப?” என்றாள். “பத்து!” என்று அது கத்தியது காட்டுக்கே கேட்டிருக்கும். செல்வி செருப்பைக்கூடப் போடாமல் அந்தப் பாறைக்கு ஓடினாள். பத்தே முக்காலுக்கு, பாறைமேல் நின்று போனைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு, “கணக்கு போயிட்டுப்பா! போயிட்டு!” என்று குதித்தாள். இவளுக்கு நான் வேறொரு வேலைக்கான காகிதத்தைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

ஆகவே அத்தான், நடந்தது இவ்வளவுதான். அந்தக் களேபரத்தில் பச்சை பைலை ஓடை கொண்டுபோய்விட்டது. காகிதமே இல்லாமல் எதில் கையெழுத்து வாங்குவது? தாங்கள் பெரிய மனது செய்து, அந்தப் பள்ளிக்கூடத்து மேனேஜரிடம் ஓணம் வரை இடத்தைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி டைப் அடித்து வையுங்கள். ஓணத்துக்கு அவள் வரும்போது கையோடு கையெழுத்து வாங்கிவிடுகிறேன், இது உறுதி. அக்காவுக்கு என் நமஸ்காரம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின்னால் போடச் சொல்லுங்கள். வசந்தி எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்கிறாள். தங்கள் ஆசியும் கோபமும் எப்போதும் போல எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
சுப்புராஜ்.

பின்குறிப்பு: பைலை ஓடை கொண்டுபோகவில்லை. இத்துடன் இணைத்திருக்கிறேன். ஓடையில் திரும்பி வரும்போது மழை பிடித்ததால், மாயம்மாள் அதை என் சட்டைக்குள்ளிருந்து உருவித் தன் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டாள். காகிதத்தில் ஒரு சொட்டு இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செல்வியிடம் திறந்து காட்டவே இல்லை. “என்னப்பா அது?” என்று கேட்டதற்கு, ரேஷன் கார்டு நகல் என்று சொன்னேன். ஓணம் என்று மேலே எழுதியதைச் சிவப்பு மையில் அடித்துவிடுங்கள். அந்த இடத்தை வேறு ஏதாவது பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு செல்வி அந்தச் சேற்றில் ஓடிவந்தாள். மூன்றாவது தடவை நான் விழுந்து எழுந்த அதே இடம், அவள் வழுக்கவில்லை. “அப்பா, உங்க தலைத்துண்ட என் மேசை மேல மறந்து வச்சிட்டீங்க” என்று நீட்டினாள். “வயசாயிட்டுல்லா மோளே, ஞாபகம் நிக்கமாட்டேங்குது. அங்ஙனயே இருக்கட்டும்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள், ஜீப் திரும்பும் வரை.

நான் மறந்து வைக்கவில்லை அத்தான். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.