ஏழாம் மாடிக்குப் படி வழியாக

பிஸ்கட் டப்பாவை அலமாரியின் உச்சியில் வைத்துப் பார்த்தார் லிஃப்ட் மெக்கானிக். நாற்காலி போட்டால் மகளுக்கு எட்டிவிடும். வாஷிங் மெஷினுக்குள் வைத்தார். துணியோடு துணியாகத் துவைபட்டுவிடும். கடைசியில் தன் டூல் பைக்குள், ஸ்பானர்களுக்கு நடுவே திணித்தார்.

"ஏங்க, சொந்த வீட்டுலயே திருடறீங்களா?" என்றாள் மனைவி.

"மெதுவா பேசு. அவ காதுல விழுந்துடப் போகுது."

மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் எடை பார்த்து, டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சீட்டு அனுப்பியிருந்தார்கள். முந்தின நாள் மாலை மூவரும் போனார்கள். டாக்டர் குழந்தையைச் சோதித்துவிட்டு, "வெளியே மீன் தொட்டி இருக்கு, போய்ப் பாரும்மா" என்று அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இப்போதைக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா எடை கூடுதலா இருந்தா சீக்கிரமே வயசுக்கு வந்துடற வாய்ப்பு அதிகம். எல்லாருக்கும் அப்படி ஆகும்னு இல்ல. ஆனாலும் உடம்பு முன்னால ஓடிட்டா, மனசு பின்னாலயே ஓட முடியாம திணறும். பட்டினி போடாதீங்க. குண்டுன்னு சொல்லாதீங்க. வீட்டுல எல்லாருமா தின்பண்டத்தக் குறைச்சு, ஓடியாடி இருங்க."

மெக்கானிக் மகள் வெளியே போன கதவையே பார்த்தார். ஷூ லேஸை இன்னும் ஒழுங்காகக் கட்டத் தெரியாத குழந்தை. பொம்மைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு லீவு கேட்கிறவள்.

"அவகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிடலாம்" என்றாள் மனைவி.

"சரி, சொல்லு."

"நானா? நீங்க சொல்லுங்க."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் மெக்கானிக். "பதிமூணு பேரைத் தூக்குற மெஷினையே சரி பண்றவன் நான். அவளுக்குத் தெரியாமலே இதையும் சரி பண்றேன்."

டூல் பைக்குள் போன பிஸ்கட் மகள் கண்ணில் படவில்லை. மெக்கானிக் கண்ணில்தான் பட்டது. ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து, மகளை நினைத்துக் கவலையோடு ஒன்றைக் கடித்தார். கவலை தீரவில்லை. டப்பா தீர்ந்தது.

மூன்றாம் நாள் அந்த லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே அந்த அலுவலகத்தின் மேனேஜர். லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் ஓடி வந்து மோட்டார் அறையில் இருந்த கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தார்.

"யோவ், உள்ள எறும்பு ஊர்வலமே போகுது! கிரீம் பிஸ்கட்ட யாருய்யா இங்க தின்னது?"

மெக்கானிக் மீசையைத் துடைத்துக்கொண்டார். அதில் ஒட்டியிருந்த துணுக்கு சூப்பர்வைசரின் காலடியிலேயே விழுந்தது.

சாப்பாட்டு வழி சரிவரவில்லை என்றதும் ஓடியாடும் வழிக்கு வந்தார். அவர்கள் குடியிருந்தது ஏழாம் மாடியில். மறுநாள் பள்ளி விட்டு வந்த மகள் லிஃப்ட் பட்டனை அழுத்தப் போனாள்.

"வேணாம் கண்ணு, லிஃப்ட் ரிப்பேர்."

"நீதானப்பா ரிப்பேர் பண்றவன். பண்ணேன்."

"அது வந்து... பார்ட்ஸ் வரணும்."

மகள் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "சரி, வா" என்று படியேறினாள்.

இதை வாசலில் இருந்த வாட்ச்மேன் பார்த்தார். மூன்றாம் மாடி டீச்சரம்மாவும் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்டில் போகாமல் மூச்சு வாங்கப் படியேறினால் யாருக்குத்தான் துணிச்சல் வரும்? சாயங்காலத்துக்குள் கயிறு அறுந்துவிட்டது என்று பேச்சு. மறுநாள் காலை, இரண்டு கயிறு அறுந்துவிட்டது என்று பேச்சு. மொத்தக் கட்டடமும் காய்கறிப் பையும் தண்ணீர்க் கேனுமாகப் படியில் ஏறியது. ஐந்தாம் மாடி ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் மட்டும் ஏற முடியாமல் வாட்ச்மேன் நாற்காலியிலேயே குடியேறி, அங்கிருந்தபடியே லிஃப்ட் கம்பெனிக்கு நான்கு புகார் எழுதினார்.

சூப்பர்வைசர் மறுபடியும் வந்தார்.

"லிஃப்ட்டுக்கு என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன்யா வதந்தி கிளப்புன?"

மகளின் எடையைப் பற்றி, அதுவும் அவள் பக்கத்திலேயே நிற்கும்போது, எப்படிச் சொல்வது? மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"நான்தான் அங்கிள் அப்பாவ படியில கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மகள். "எனக்குப் படிதான் பிடிச்சிருக்கு."

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. சூப்பர்வைசருக்குக் கலங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் நீ லிஃப்ட்லயே மேலயும் கீழயும் போய்க்கிட்டு இரு. எல்லார் பயமும் தெளியற வரைக்கும் வெளிய வராத."

அப்படியே போனார். மாடிக்கு மாடி கதவு திறக்கும்போதெல்லாம் சிரித்தார். மூன்று மணிக்குத் தலை சுற்றியது. ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது, வீட்டுத் தரையும் மேலே போவதாகத் தோன்றியது.

ஆனால் திங்கட்கிழமை மகளே அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "லிஃப்ட் வேணாம்பா. படி."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஐந்தாம் மாடியில் அவர் உட்கார்ந்தால், "எழுந்திருப்பா, இன்னும் ரெண்டே மாடிதான்" என்று முதுகைத் தள்ளுவாள். தோழியின் பிறந்தநாளுக்குப் போனபோது, "நம்ம ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதித் துண்டு கேக் போதும், என்ன?" என்றாள். தான் வளர்த்த வளர்ப்பை நினைத்து மெக்கானிக் பூரித்துப்போனார்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் சிரித்தார். "எடை ஏறவே இல்ல, உயரம்தான் கூடியிருக்கு. பயப்படற மாதிரி எந்த அறிகுறியும் இல்ல. இப்படியே போங்க. குழந்தைக்கு எடுத்துச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லவே இல்ல டாக்டர்" என்றார் மெக்கானிக், காலரைச் சரிசெய்துகொண்டு. "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாம் நைசா நானே பாத்துக்கிட்டேன்."

வீடு திரும்பியதும் மகள் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். மனைவி பின்னாலேயே போனாள். மெக்கானிக் நழுவிய பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்.

"நல்லா இளைச்சுட்டீங்க சார்" என்றார் வாட்ச்மேன். "பாப்பா நினைச்சத முடிச்சிருச்சு."

"பாப்பாவா? அவ என்ன நினைச்சா?"

வாட்ச்மேன் மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க சார். அன்னிக்கு டாக்டர் பேசினது கதவுக்கு வெளியே கேட்டுச்சாம். 'எங்கப்பா குண்டா இருக்காருல்ல அங்கிள், அவருக்குச் சீக்கிரமே வயசாயிடுமாம். தெரிஞ்சா பயந்துடுவாரு, அதான் அவருக்குத் தெரியாமலே நான் சரி பண்றேன்'னு சொல்லிச்சு."